மாதாவுக்கு எழுதிக் கொடுத்த அடிமை ஓலை

மாதா பக்தி என்றதும் நம் மனக்கண் முன் தோன்றும் காட்சிகள் எவை? செப்டம்பர் 8-ஆம் தேதி, வேளாங்கண்ணித் திருவிழா, காவி உடுத்தி நடந்து வரும் கூட்டம், மொட்டையடித்த குழந்தைகள், மெழுகுவர்த்தி, தென்னங்கன்று, வெள்ளித் தகட்டில் செய்த கையும் காலும் கண்ணும். நோய் தீர்ந்தால் இதைத் தருகிறேன், பிள்ளை பிறந்தால் அதைத் தருகிறேன் என்று நேர்ந்துகொண்ட கடனைத் தீர்க்க வருகிறவர்கள்தாம் அங்கே அதிகம். அவர்களில் கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் இருக்கிறார்கள், இஸ்லாமியரும் இருக்கிறார்கள்.

நம்மைப் போன்ற ஜொகூர்க்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நம் பாட்டன் பாட்டிமார் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவர்கள். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி கூப்பிடு தூரம். கடலைத் தாண்டும் முன் மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ. பத்து பாகாட் வட்டாரத்திலும் சரி, மற்ற இடங்களிலும் சரி, மாரியம்மனுக்குத் தீபம் ஏற்றிய கையால் மாதா படத்துக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கஷ்டம் வரும்போது தாயிடம் கேட்காமல் பிள்ளை வேறு யாரிடம் கேட்கும்?

ஆனால் கேட்பதோடு இந்தப் பக்தி முடிந்துவிடுகிறதா என்பது இன்னொரு கேள்வி. கத்தோலிக்க ஆன்மிக மரபில், மாதாவிடம் ஒன்றும் கேட்காமல், தன்னையே அவளிடம் எழுதிக் கொடுத்துவிடும் வழி ஒன்று உண்டு. அந்த வழியில் போன ஒருவரின் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன். அவர் தமிழர் அல்லர். ஆனால் தமிழைக் கற்றுக்கொண்டு, தமிழர்களின் குடிசைகளில் ஒளிந்திருந்து, தமிழர் கொடுத்த கஞ்சியைக் குடித்து உயிர் பிழைத்தவர். பெயர் யோசேப் வாஸ். இலங்கைத் தமிழர்கள் அவரை யோசேவாஸ் முனிவர் என்று சொல்வார்கள்.

சுந்தரரும் ஓர் ஓலையும்

அவர் எழுதிக் கொடுத்தது ஓர் அடிமைச் சாசனம். அடிமை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். தமிழனுக்கு இது பழக்கமான விஷயம்தான். பெரிய புராணத்தில் தடுத்தாட்கொண்ட கதையை நினைத்துப் பாருங்கள். சுந்தரருக்குப் புத்தூரில் திருமணம் நடக்கப் போகிறது. ஒரு கிழவர் வந்து நிற்கிறார். உன் பாட்டன் எனக்கு அடிமை, நீயும் எனக்கு அடிமை, இதோ ஆளோலை என்று நீட்டுகிறார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் விடவில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. மூல ஓலை அங்கே வருகிறது, கையெழுத்தைச் சரிபார்க்கிறார்கள், தீர்ப்பு கிழவர் பக்கம். அதன் பிறகுதான் வந்தவர் யார் என்பது சுந்தரருக்குத் தெரிகிறது.

அங்கே ஓலையைக் கொண்டு வந்தவர் இறைவன், கிழித்தவர் மனிதன். நான் சொல்ல வந்த கதையில் ஓலையை எழுதியவனே மனிதன். யாரும் கேட்காமல், யாரும் வற்புறுத்தாமல், 26 வயது இளைஞர் ஒருவர் தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

யோசேப் வாஸ் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி கோவாவில் பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். அது அவருடைய தாயின் ஊர். தந்தையின் ஊர் சங்க்வால். கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பம், பிராமண குலத்திலிருந்து மதம் மாறிய வழி. 1676-இல் குருப்பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற கையோடு காலணியைக் கழற்றிவிட்டு, ஏழைகளைப் போல் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்துக் கோவாவில் ஐரோப்பியர் நடத்திய துறவற சபைகள் உள்ளூர்க்காரனைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. படிப்பு இருந்தாலும் பக்தி இருந்தாலும் தோலின் நிறம் குறுக்கே நின்றது.

மறு ஆண்டு, 1677 ஆகஸ்டு 5-ஆம் தேதி, சங்க்வாலில் அந்தச் சாசனத்தை எழுதினார். தேவதாயின் நிரந்தர அடிமையாகத் தம்மைக் கொடுத்துவிடுவதாக அதில் எழுதியிருந்தார். சங்க்வால் கோயிலும் ஆரோக்கிய மாதா பெயரில் அமைந்ததுதான், வேளாங்கண்ணியைப் போல. ஆகஸ்டு 5 பனிமய மாதாவின் திருநாள். தூத்துக்குடியில் இன்றும் திருவிழா நடக்கும் நாள் அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அன்றைய கோவாவில் அடிமை என்பது வெறும் உவமை அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவின் பல கரைகளிலிருந்தும் கொண்டு வந்த ஆண்களையும் பெண்களையும் அங்கே விலைபேசி விற்றார்கள். பெரிய வீடு என்றால் அடிமைகள் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், படித்த குடும்பத்துக் குரு ஒருவர் நான் அடிமை என்று எழுதுகிறார். அந்த ஊரில் அதைவிடத் தாழ்ந்த நிலை இல்லை என்பது அவருக்குத் தெரியும். அடிமைக்குச் சொத்து கிடையாது, சம்பளம் கிடையாது, இன்ன வேலைதான் செய்வேன் என்று சொல்லும் உரிமை கிடையாது. நேர்த்திக்கடனில் ஒரு பேரம் இருக்கிறது. நீ இதைத் தந்தால் நான் அதைத் தருவேன். அடிமை ஓலையில் பேரத்துக்கு இடமே இல்லை. பதிலுக்கு எதுவும் வராது என்று தெரிந்து கொடுப்பது அது.

சரி, கடவுளுக்குத் தானே அடிமையாக வேண்டும், மாதாவுக்கு ஏன் என்று கேட்கலாம். நம் புரோட்டஸ்டண்ட் சகோதரர்கள் கேட்கிற கேள்வி இது, நியாயமான கேள்வி. கத்தோலிக்க மரபு சொல்லும் பதில், அந்தச் சொல்லை முதலில் சொன்னவளே மரியாதான் என்பது. லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்தில் வானதூதர் செய்தி சொன்னபோது, தன்னை ஆண்டவரின் அடிமை என்று மரியா சொல்லிக்கொள்கிறாள். அதற்கு அடுத்தபடியாக அவள் செய்த காரியம் என்ன? முதிய வயதில் ஆறு மாதக் கர்ப்பமாயிருந்த உறவுக்காரி எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்கு விரைந்து போகிறாள். ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்குகிறாள். பிரசவ காலத்தில் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் என்ன உதவி செய்வாள் என்பதை நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். தண்ணீர் எடுப்பது, அடுப்பைப் பார்ப்பது, துணி அலசுவது. கடவுளுக்கு அடிமை என்று சொன்னவள் போய் நின்ற இடம் ஓர் அடுப்படி. ஆகவே மாதாவுக்கு அடிமை என்றால், அவள் யாருக்கு ஊழியம் செய்தாளோ அவர்களுக்கெல்லாம் ஊழியம் செய்யக் கடமைப்பட்டவன் என்றாகிறது.

மலாக்காவிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே கும்பெனி

யோசேப் வாஸின் ஓலைக்குச் சோதனை வந்தது இலங்கையில். அதைச் சொல்வதற்கு முன் நம் பக்கத்து ஊரான மலாக்காவைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம். மூவாரைக் கடந்தால் மலாக்கா. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனவர்கள் எல்லாரும் குன்றின் மேல் கூரையில்லாமல் நிற்கும் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். அது 1521-இல் துவார்த்தே கொயேலோ என்ற போர்த்துக்கீசியர் மாதாவுக்குக் கட்டிய சிற்றாலயமாகத் தொடங்கியது. புனித சவேரியாரின் உடல் கோவாவுக்குப் போகும் வழியில் 1553-இல் சில மாதம் அங்கேதான் இருந்தது. 1641-இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். மாதா கோயில் பெயர் மாறியது, பிறகு இடுகாடாகவும் ஆனது. கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. குருக்கள் மறைந்து வாழ்ந்தார்கள். அந்தப் பிடி தளர்ந்த பிறகு 1710-இல் எழுந்ததுதான் மலாக்காவின் புனித பேதுரு ஆலயம். நம் நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் கத்தோலிக்கக் கோயில்களில் பழமையானது அது.

இதே டச்சுக் கும்பெனி 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. அங்கேயும் அதே தடை. கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று 1658-இலேயே கட்டளை போட்டார்கள். கோயில்களைக் கைப்பற்றித் தங்கள் மதத்துக்கு மாற்றினார்கள். ஏறக்குறைய 30 ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கர்களுக்குக் குரு இல்லை, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. எஞ்சியிருந்தது செபமாலை ஒன்றுதான். அதற்குக் குரு தேவையில்லை, புத்தகம் தேவையில்லை, எழுத்து தெரிய வேண்டியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, விரல்களால் மணி உருட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும். குரு எப்போதாவது வந்து போன தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மூத்தவர் ஒருவர் தொடங்க, மற்றவர்கள் முடிக்க, செபமாலையே அங்கே கோயிலாக இருந்தது.

இந்தச் செய்தி கோவாவில் இருந்த யோசேப் வாஸின் காதுக்கு எட்டியது. இடையில் அவர் கன்னட நாட்டில் சில ஆண்டுகள் பணிபுரிந்து, 1685-இல் கோவாவில் ஒரடோரியன் சபையில் சேர்ந்து அதன் தலைவராகவும் ஆகியிருந்தார். தலைமைப் பதவியை விட்டுவிட்டு 1686-இல் புறப்பட்டார். குரு என்று தெரிந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அதனால் அவர் போட்ட வேடம்தான் நம் மனத்தைத் தொடுவது. கூலிக்காரனைப் போல அரைத்துணி கட்டிக்கொண்டு, ஜான் என்ற உதவியாளனோடு தூத்துக்குடி வந்து சேர்ந்து, அங்கிருந்து 1687-இல் கடல் கடந்தார்.

கூலி! இந்தச் சொல்லை நம் முன்னோர் எவ்வளவு வலியோடு சுமந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். சஞ்சிக் கூலி என்றும் தோட்டக் கூலி என்றும் பெயர் எழுதப்பட்டுத்தான் இந்நாட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு அது வயிறு போட்ட வேடம், கழற்ற முடியாத வேடம். படித்த குரு ஒருவர் அந்த வேடத்தைத் தாமே எடுத்துப் போட்டுக்கொண்டதைப் பெரிதாகப் பேசுகிறோம்; வேறு வழியில்லாமல் போட்டவர்களைப் பற்றி யார் பேசினார்கள் என்று ஒரு தமிழ் வாசகர் கேட்டால் அதற்கும் நியாயம் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லலாம். கரையேறியதும் கழற்றி வைத்துவிடக்கூடிய வேடமாக அது இருக்கவில்லை. இலங்கைக்கு வந்ததும் கடுமையான வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். வைத்தியன் இல்லை, கையில் காசில்லை, யாரென்று சொல்லவும் முடியாது. ஒரு கூலி சாவதைப் போலவே சாவதற்கு இருந்தார். இரக்கப்பட்ட பெண்கள் கொண்டுவந்து கொடுத்த கஞ்சி அவரை எழுப்பியது.

எழுந்து நடமாட முடிந்ததும் யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்கப் போனார். கழுத்தில் எல்லாருக்கும் தெரியும்படி ஒரு பெரிய செபமாலை. டச்சு அதிகாரியின் கண்ணில் பட்டால் உயிர் போகும். ஆனால் அதைக் கண்டு முகம் மாறுகிறவன் யார், மரியாதையோடு பார்க்கிறவன் யார் என்று கவனித்துக்கொண்டே போனார். மறைந்திருந்த கத்தோலிக்கர்களைக் கண்டுபிடிக்க அவருக்கு வேறு வழி இல்லை. அந்த ஊரின் பாஷை தெரியாத, அறிமுகம் இல்லாத ஒருவருக்கும், முப்பது ஆண்டுகளாக வாய் திறக்காமல் இருந்த மக்களுக்கும் நடுவில் பொதுவாக இருந்தது அந்த மணிமாலை மட்டுமே. ஒரு வீட்டில் முகம் மாறியது. பிறகு சொல்லி அனுப்பினார்கள், ஒவ்வொருவராக வந்தார்கள். சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. பகலில் ஒளிந்திருந்து இரவில் வீடுகளுக்குப் போய்ப் பூசை வைத்தார். தமிழையும் கற்றுக்கொண்டார்.

டச்சுக்காரர்கள் மோப்பம் பிடிக்காமல் இல்லை. 1689-இல் கிறிஸ்துமஸ் இரவு பூசைக்குக் கூடியிருந்தவர்களைச் சுற்றி வளைத்தார்கள். குருவைப் பிடிக்க முடியவில்லை, மக்கள்தாம் அகப்பட்டார்கள். அடி, அபராதம், சிறை. மாதாவுக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுத்தவர் தப்பிவிட்டார். ஓலை எதுவும் எழுதாத சாதாரண ஜனங்கள் அவருக்காக அடி வாங்கினார்கள். வரலாற்றில் அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் இல்லை. பேசும்போது இவர்களை நாம் விட்டுவிடுவது வழக்கம். ஆகையால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கண்டியில் வந்த அம்மை

யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாமல் போனதும் புத்தளம் வழியாக, டச்சுக்காரர் கைக்கு எட்டாத கண்டி அரசுக்குப் போனார். 1692-இல் அங்கே நுழைந்தவரைப் போர்த்துக்கீசிய ஒற்றன் என்று சொல்லிப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அப்போது கண்டியை ஆண்டவர் இரண்டாம் விமலதர்மசூரியன் என்னும் பௌத்த மன்னர். கைதியின் நடத்தையைப் பார்த்து நாளடைவில் கெடுபிடி தளர்ந்தது. சிறையிருப்பிலேயே ஒரு குடிசை போட்டுப் பீடம் அமைத்துக்கொண்டார். சிங்களத்தையும் கற்றார்.

1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. இந்த நோயின் பெயரையே பாருங்கள். தமிழில் அம்மை என்றால் தாய், அம்மை என்றால் இந்த நோய். அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்லி வேப்பிலை கட்டுவது நம் வழக்கம். தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுந்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். அந்த நோய் உலகிலிருந்து ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-இல்தான். அதுவரை அம்மை வந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்ட முதியவர்கள் நம்மிடையே இருந்தார்கள்.

கண்டியில் மன்னரே நகரை விட்டு வெளியேறிவிட்டார். வசதியுள்ளவர்கள் ஓடினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. மற்ற பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயம். அப்படி விடப்பட்டவர்கள் தாகத்தில் செத்தார்கள், மிருகங்களுக்கு இரையானார்கள்.

யோசேப் வாஸ் ஓடவில்லை. அதற்குச் சற்று முன்தான் கோவாவிலிருந்து அவருக்குத் துணையாக வந்திருந்த உறவினரான ஜோசப் கர்வாலியோ என்ற குருவும் உடன் நின்றார். காட்டில் கிடந்தவர்களுக்குக் குடில் போட்டார்கள். ஆளில்லாமல் திறந்து கிடந்த வீடுகளை மருத்துவமனை ஆக்கினார்கள். உணவு கொண்டு போய் ஊட்டினார்கள். சீழ் வடியும் உடம்பைக் கழுவினார்கள். இறந்தவர்களைத் தோளில் சுமந்து குழிதோண்டிப் புதைத்தார்கள். நீ கத்தோலிக்கனா, பௌத்தனா, இந்துவா என்று கேட்கவில்லை. தமிழா, சிங்களமா என்றும் கேட்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் உற்சாகமாகச் செய்த காரியமும் அல்ல. நோய் அடங்கும் வரை மாதக்கணக்கில், காலை மாலை என்று இதே வேலை.

இவரது பின்னணியை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். அவர் சேர்ந்திருந்த கோவா ஒரடோரியன் சபை பிராமண குலத்தாரை மட்டுமே சேர்த்துக்கொண்ட சபை. நிறத்தைக் காட்டி ஐரோப்பியர் தள்ளி வைத்தார்கள் என்று வருந்தியவர்கள், குலத்தைக் காட்டி மற்றவர்களைத் தள்ளி வைத்தார்கள். இதை மறைத்துப் புனிதர் கதை சொல்வதில் பயனில்லை. அந்தச் சபையிலிருந்து வந்த ஒருவர் எல்லாக் குலத்துப் பிணத்தையும் தொட்டுத் தூக்கினார். தொட்டால் தீட்டு என்பது போய், தொட்டால் மரணம் என்ற நிலையில் தொட்டார். 20 ஆண்டுகளுக்கு முன் சங்க்வாலில் எழுதிய ஓலையின் பொருள் கண்டிக் காட்டில்தான் விளங்கியது என்று நான் நினைக்கிறேன். அடிமைக்கு, இந்த வேலை என் குலத்துக்கு ஏற்றதல்ல என்று சொல்லும் உரிமை கிடையாது. என் உயிருக்கு ஆபத்து என்று சொல்லவும் உரிமை கிடையாது. தன் உயிர் தன்னுடையதல்ல என்று முன்பே எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

மன்னர் திரும்பி வந்ததும் அவருக்குப் பிரசங்கம் செய்யும் சுதந்திரம் முன்னிலும் அதிகமாகக் கிடைத்தது. இதைச் சேவையால் வந்த வெற்றி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படிக் கணக்குப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மை தொற்றி அவர் அந்தக் காட்டிலேயே இறந்திருந்தாலும் அவர் செய்தது அதே காரியம்தான்.

யாருக்கு அடிமை?

இப்படிச் சொல்லும்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் எதிர்ப்பு வரும், வரவும் வேண்டும். மாதாவைப் பார், அவள் பொறுத்துக்கொண்டாள், நீயும் பொறுத்துக்கொள் என்று சொல்லித்தானே காலங்காலமாக வீட்டுப் பெண்களை வாயடைத்தார்கள்? குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடமும் அடிமையாக இரு என்று சொல்ல இந்தப் பக்தி உதவவில்லையா? உதவியிருக்கிறது. மறுக்க முடியாது. தியாகம் என்ற சொல்லை அடுத்தவர் தலையில் கட்டுவது மிக எளிது.

ஆனால் யோசேப் வாஸின் வரலாற்றில் அந்தச் சொல் வேறு விதமாக வேலை செய்திருக்கிறது. மாதாவுக்கு அடிமை என்று எழுதிக் கொடுத்த மனிதர் அதன் பிறகு வேறு எந்த எஜமானனுக்கும் பணியவில்லை. டச்சுக் கும்பெனியின் கட்டளையை மீறினார். தாம் கட்டியெழுப்பிய சபையின் தலைமைப் பதவியைத் தூக்கிப் போட்டார். சிறை வைத்த மன்னரிடமும் மதம் மாறவில்லை, மண்டியிடவில்லை. தானாக எழுதிக் கொடுக்கும் ஓலைக்கும், அடுத்தவன் எழுதி நீட்டும் ஓலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கணவனோ முதலாளியோ மாதாவின் பெயரைச் சொல்லி நீட்டினால், சுந்தரர் செய்ததைப் போல அதைக் கிழித்துப் போடுவதில் தவறில்லை.

இந்த அடிமைப் பக்தி யோசேப் வாஸ் கண்டுபிடித்ததும் அல்ல. ஐரோப்பாவில் அதற்கு முன்பே இருந்தது. பின்னாளில் பிரான்சைச் சேர்ந்த புனித லூயி தெ மோன்போர் அதை விரிவாக எழுதினார். அவருடைய கையெழுத்துப் பிரதி நெடுங்காலம் மறைந்து கிடந்து 1842-இல்தான் அகப்பட்டது. அதை இளமையில் படித்து மனத்தைப் பறிகொடுத்த போலந்து இளைஞர் ஒருவர் பிற்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆனார். முழுவதும் உனக்கே என்று பொருள்படும் லத்தீன் வார்த்தைகளையே தம் விருதுவாக்காக வைத்துக்கொண்டார். அவர்தான் 1995 ஜனவரி 21-ஆம் தேதி கொழும்பில் யோசேப் வாஸுக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார் என்பது பொருத்தமான ஒற்றுமை.

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964-இல் இந்தப் பக்தியைப் பற்றி எச்சரிக்கையோடு பேசியது. வெறும் உணர்ச்சியிலோ வீண் நம்பிக்கையிலோ அடங்குவது உண்மையான மாதா பக்தி அல்ல, அவளைப் பின்பற்ற வைப்பதே உண்மையான பக்தி என்பது அதன் கருத்து. அதற்கு நாம் கண்ணால் கண்ட உதாரணமும் உண்டு. கல்கத்தாவில் தெருவில் கிடந்து சாகிறவர்களுக்காக அன்னை தெரசா 1952 ஆகஸ்டு 22-ஆம் தேதி திறந்த இல்லத்துக்கு நிர்மல் ஹிருதய் என்று பெயர் வைத்தார். மரியாவின் மாசற்ற இருதயம் என்பதன் வங்காள வடிவம் அது. அந்தக் காலத்து நாட்காட்டியில் அந்தத் தேதியே அந்த இருதயத்தின் திருநாள். அந்த இல்லம் இருப்பது காளி கோயிலை ஒட்டிய பழைய தர்மசாலையில்.

மடு

யோசேப் வாஸும் அவருக்குப் பின் வந்த தோழர்களும் உழைத்த இடங்களில் வன்னிக் காடும் ஒன்று. அங்கேதான் மடு மாதா இருக்கிறாள். டச்சுக்காரருக்குப் பயந்து மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் 1670-இல் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி வந்து அமைத்த கோயில் என்பது அந்தத் திருத்தலத்தின் மரபு. அகதிகள் கொண்டுவந்த மாதா, முந்நூறு ஆண்டுகள் கழித்து அகதிகளையே தாங்க வேண்டியதாயிற்று. 1990-களில் போருக்குத் தப்பிய ஆயிரக்கணக்கான தமிழ் மக்கள் அந்தக் கோயில் வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கினார்கள். 1999 நவம்பர் 20-ஆம் தேதி இரவு கோயில் வளாகத்திலேயே எறிகணை விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். அடைக்கலம் தேடி வந்த இடத்தில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை கோயிலை நெருங்கியபோது, குருக்கள் மாதா சிலையை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். மாதாவே மறுபடி அகதியானாள். அதே ஆண்டு ஆகஸ்டில் சிலை திரும்பி வந்தது.

மடுவுக்குத் தமிழரும் போவார்கள், சிங்களவரும் போவார்கள். போருக்கு முன்பும் அப்படி, பின்பும் அப்படி. ஒரே மாதாவுக்கு முன் மண்டியிட்டவர்களின் பிள்ளைகள்தாம் போர்முனையில் எதிரெதிரே நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பக்தி இருந்தும் இது நடந்தது. கேட்கிற பக்தி ஏராளமாக இருந்தது. நம் பிள்ளையைக் காப்பாற்று என்று இரு பக்கத்துத் தாய்மாரும் கேட்டார்கள். அடுத்தவள் பிள்ளைக்காகக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது மடு மாதாவுக்குத்தான் தெரியும்.

2015 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கல் சமயத்தில், கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசேப் வாஸைப் புனிதராக அறிவித்தார். இலங்கைக்குக் கிடைத்த முதல் புனிதர். மத வேற்றுமை பார்க்காமல் நோயாளிகளுக்கு ஊழியம் செய்தவர் என்பதை அங்கே அவர் எடுத்துச் சொன்னார். அன்று மதியமே மடுவுக்குப் பறந்து போனார். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழ்க் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் அங்கே ஒன்றாகக் காத்திருந்தன.

யோசேப் வாஸ் 1711 ஜனவரி 16-ஆம் தேதி கண்டியில் இறந்தார். இலங்கைக்கு வந்த பிறகு கோவாவுக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. அவரைப் புதைத்த இடம் பிற்காலத்தில் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. அவர் விட்டுப் போன வேலையை, 1705-இல் வந்து சேர்ந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் என்ற குரு எடுத்துக்கொண்டார். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி, 1742-இல் இறக்கும் வரை அவரும் அங்கேயே இருந்தார்.